கொரியன் ஆட்டப் பாட்டைக் கேட்பது எப்படி: ரிதம் பேட் வாசிக்கிறவன் சொல்லும் வழி

துள்ளலான கொரியன் பாட்டு ஒன்றைப் போட்டால் நம் ஆட்களில் பாதிப் பேர் முதல் நிமிடத்திலேயே "என்னப்பா இது, ஒரே சத்தம்" என்று எழுந்துவிடுவார்கள். மொழி புரியாததுதான் காரணம் என்று சொல்வார்கள். இந்தி புரியாமலேயே இந்திப் பாட்டை முணுமுணுத்து வளர்ந்தவர்கள்தான் அவர்களும். தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் சினிமாப் பாட்டு பல்லவியோடு தொடங்கும். எடுத்த எடுப்பில் பாட்டின் முகம் தெரிந்துவிடும். அதன் பிறகுதான் பிஜிஎம், சரணம் எல்லாம். கொரியன் பாட்டு பெரும்பாலும் சரணத்தில் தொடங்கி, நம்மைக் காக்கவைத்து, அப்புறம்தான் பல்லவிக்கு வரும். அதுவரை பொறுக்காதவர்களுக்கு அந்தப் பாட்டு வெறும் சத்தம்தான்.

நான் பெங்களூர் ஸ்ரீராமபுரத்துக்காரன். ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட், அதாவது தட்டினால் டிரம்ஸ் சத்தம் தரும் எலக்ட்ரானிக் கருவி, வாசிக்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகள், நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவ மேடைகள், நடுவில் கல்யாண ரிசப்ஷன்கள். அக்கா மகள் பி.யு.சி. படிக்கிறாள். கொரியன் பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது அவள் வழியாகத்தான். அவள் முகங்களையும் உடைகளையும் பார்த்துக்கொண்டிருப்பாள்; எனக்குக் காது டிரம்ஸ் பக்கம் போகும். "மாமா, வேற எதையுமே பாக்க மாட்டீங்களா?" என்பாள். என் வழி தாளக்காரன் வழி. ஆனால் இந்தப் பாட்டுகளுக்குள் நுழைய அதுதான் சுலபமான வாசல் என்று நினைக்கிறேன்.

முதல் வேலை, படத்தை மூடுங்கள். வீடியோவில் இரண்டு வினாடிக்கு ஒரு காட்சி மாறும், கண் காதின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். போன் ஸ்பீக்கரும் வேண்டாம். அதில் பேஸ் என்கிற தாழ்ந்த கனமான சத்தம் விழாது, பேஸ் இல்லாமல் இந்தப் பாட்டில் பாதி இல்லை. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண ஒயர் இயர்போன் போதும். ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் மெஜஸ்டிக். அதற்குள் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டுவிடலாம். வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் கேட்காதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது? பிடிஎஸ் குழுவின் 'டைனமைட்' நல்ல ஆரம்பம். 2020 ஆகஸ்ட்டில் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கொரியக் குழு என்ற பெயரை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த பாட்டு. முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிச் சாக்கும் சொல்ல முடியாது. நமக்கு இன்னொரு வசதி, பல்லவியின் வரியைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அது சரணத்துக்குப் போகிறது. அதனால் நம் காது திகைக்காது.

இப்போது கையை எடுங்கள், ஆதி தாளம் போடுங்கள். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பாட்டு கிளாஸுக்குப் போகாதவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். கொரியன் ஆட்டப் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே நாலு நாலாக எண்ணும் கணக்கில்தான் இருக்கின்றன. ஆடுகிறவர்கள் எட்டு எட்டாக எண்ணித்தான் பழகுகிறார்கள். டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் 'தும்' சத்தம்தான் கிக். அது விழும் இடத்தில் உங்கள் தட்டு விழட்டும். இந்த எட்டும் ஒரு சுற்று முடிந்தால் ஒரு ஆவர்த்தனம். நான்கு ஆவர்த்தனம் போனதும் கவனியுங்கள், பாட்டில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். புதுக் குரல் வந்திருக்கும், அல்லது ஒரு வாத்தியம் கூடியிருக்கும், அல்லது டிரம்ஸ் காணாமல் போயிருக்கும். நான்கு ஆவர்த்தனம் என்றால் 32 தட்டு. 'டைனமைட்' ஓடுவது நிமிடத்துக்கு 114 தட்டு என்ற டெம்போவில். கணக்குப் போட்டால் சுமார் 17 வினாடி. பதினேழு வினாடிக்கு மேல் எதையும் ஒரே மாதிரி விட்டுவைக்க மாட்டார்கள். பல பாட்டுகளில் அதன் பாதியிலேயே மாற்றிவிடுவார்கள்.

114 என்பது ஒன்றும் பெரிய வேகம் இல்லை என்பதையும் பாருங்கள். நம் குத்துப் பாட்டு இதைவிட நெருக்கமாக அடிக்கும். குத்தில் அடி நிற்கவே நிற்காது. ஆறு ஆறாகச் சுழன்று கொண்டே இருக்கும், அந்தச் சுழற்சியில்தான் ஆடுகிறவனுக்குச் சாமி வரும். கொரியன் பாட்டில் உற்சாகம் வேறு மாதிரி செய்யப்படுகிறது. அடியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுப்பார்கள். இந்த ஒரு விஷயம் காதில் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

எடுப்பது எங்கே என்று பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சரணம் முடிந்து பல்லவிக்குப் போகும் முன் ஒரு துண்டு இருக்கும். அவர்கள் ப்ரீ கோரஸ் என்கிறார்கள். நம் அனுபல்லவி அதே வேலையைச் செய்வதில்லை, ஆனால் பல்லவியை ஒட்டி நிற்கிற துண்டு என்ற அளவில் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டில் கிக் பெரும்பாலும் விலகும். பேஸ் மெலியும். குரல் மேலே ஏறும், சொற்கள் நீளும். பின்னாலிருந்து ஒரு ஸ்னேர் ரோல், அதாவது சின்ன டிரம்மில் விடாமல் அடிக்கும் உருட்டு, கிளம்பும்: முதலில் நாலாக, அப்புறம் எட்டாக, அப்புறம் பதினாறாக. கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகும் ஒரு காற்றுச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் உச்சிக்கு வந்ததும் ஒரு தட்டு, சில பாட்டில் நாலு தட்டு, மொத்தமாக நிசப்தம். யாராவது ஒருவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்வார். அடுத்த தட்டில் கிக், பேஸ், பத்துப் பேர் குரல் எல்லாம் ஒன்றாக விழும். ஊஞ்சலைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து ஒரு நொடி நிறுத்திவிட்டு விடுகிற வேலை அது. சத்தம் உண்மையில் கொஞ்சம்தான் கூடியிருக்கும். முன்னால் வந்த வெற்றிடத்தால் அது மூன்று மடங்காகத் தெரிகிறது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு இது புதிதில்லை, நாங்கள் 'கட்' என்று சொல்வது இதைத்தான். ஆனால் நாங்கள் அந்த 'கட்'டை அழகுக்கு வைக்கிறோம். அவர்கள் அதன் மேல்தான் பாட்டையே கட்டுகிறார்கள்.

இதைச் சுத்தமாகக் கேட்க செவன்டீன் குழுவின் 'ஆஜு நைஸ்'. 2016இல் வந்தது. பதின்மூன்று பேர் குழு. அவர்களில் வூஜி என்பவர்தான் குழுவின் பெரும்பாலான பாட்டுகளுக்கு இசையமைப்பில் முன்நிற்பவர். இந்தப் பாட்டில் ஏற்றம் எல்லாம் முடிந்து பல்லவி விழவேண்டிய இடத்தில் தலைப்பை ஒரு கத்து கத்துவார்கள். உடனே பாட்டு நின்றுபோய் டிரம்பெட் வகையறா வாத்தியங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும். கேட்கிறவன் சேர்ந்து கத்துவதற்கென்றே விட்ட இடம் அது. அவர்கள் கச்சேரிகளில் கடைசியாக இதைப் பாடுவார்கள், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது பல்லவியை மறுபடி ஆரம்பிப்பார்கள், அதற்குப் பிறகும் ஆரம்பிப்பார்கள். கூட்டம் சலிக்காமல் குதித்துக்கொண்டே இருக்கும். ஆடி மேடையில் "ஒன்ஸ் மோர்" கேட்டு விடாமல் பிடித்துவைக்கும் எங்கள் தெரு ஜனத்தை எனக்குத் தெரியும் என்பதால், அந்தப் பதின்மூன்று பேரின் மூச்சை நினைத்துத்தான் கவலைப்பட்டேன்.

அடுத்து, குரல்களைப் பிரித்துக் கேட்பது. இங்கே அவசரப்பட வேண்டாம். ஏழு பேர், எட்டுப் பேர், பதின்மூன்று பேர் என்று பாடுவதால் ஒருவருக்குக் கிடைப்பது சில வினாடிதான். இரண்டு வரிக்கு ஒரு குரல் மாறும். முதலில் இது சலசலப்பாகத் தெரியும். எல்லாரையும் ஒரே நேரத்தில் அடையாளம் காணப் பார்க்காதீர்கள். குழுவிலேயே மிகவும் தனித்த குரல் எதுவோ அதை மட்டும் பிடியுங்கள். ஸ்ட்ரே கிட்ஸ் குழுவில் ஃபீலிக்ஸ் என்று ஒருவர், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அடித்தொண்டையிலிருந்து வரும் குரல், கிணற்றின் ஆழத்துக்குப் போய்விடும். 2020இல் வந்த 'காட்ஸ் மெனு' பாட்டில் அவர் வாய் திறக்கும் இடம் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு குரல் பிடிபட்டதும், அதற்கு முன்னால் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்று காது தானே தேட ஆரம்பிக்கும். அந்தப் பாட்டு சமையல்கட்டை வைத்து எழுதியது, இரும்புச் சத்தமும் தட்டுமுட்டுச் சத்தமும் தாளத்துக்குள்ளேயே கலந்திருக்கும். வரிகளை எழுதியவர்கள் குழுவிலேயே உள்ள பேங் சான், சாங்பின், ஹான் மூவரும்தான். என்னைக் கேட்டால், இந்தக் குழுவை உரத்த சத்தத்தில் கேட்பதைவிட மெதுவாக வைத்துக் கேட்பது நல்லது. அப்போதுதான் அடுக்குகள் தெரியும்.

அடுக்கு என்றதும் ஒரு பரிசோதனை. பல்லவி வரும்போது வலது காது இயர்போனை எடுத்துவிட்டு இடது காதில் மட்டும் கேளுங்கள், அடுத்த பல்லவியில் மாற்றிக் கேளுங்கள். ஒரு காதில் இருக்கும் கத்தல் இன்னொன்றில் இருக்காது. ஒரே வரியை ஒருவரே பல தடவை பாடிப் பதிவு செய்து இடமும் வலமும் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் மற்றவர்களின் குரல், அதற்கும் மேல் "ஹே", "ஊ" என்ற கூட்டக் கத்தல். நடுவில் கிக், பேஸ், அந்த நேரத்தில் பாடுகிறவர் மட்டும். இன்னொரு வித்தையும் உண்டு. கிக் விழும் ஒவ்வொரு தடவையும் பின்னால் உள்ள சின்த், அதாவது கீபோர்டில் வரும் எலக்ட்ரானிக் சத்தம், ஒரு நூல் பதுங்கி, கிக் போனதும் எழும். இப்படிப் பதுங்கிப் பதுங்கி எழுவதால்தான் உட்கார்ந்து கேட்கிறவன் தலையும் தன்னால் ஆடுகிறது. சவுண்ட் போர்டில் உட்காருகிறவர்கள் இதை சைடுசெயின் என்பார்கள். பெயர் தேவையில்லை, காதுக்குப் பட்டால் சரி.

சில பாட்டுகள் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும். அது தற்செயல் இல்லை. கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு 2013 ஜனவரி 1 அன்று வெளியிட்ட 'ஐ காட் எ பாய்' நாலரை நிமிடப் பாட்டு. அதற்குள் டெம்போவே மாறும். ஒருத்தி "ஸ்டாப்" என்று சொல்வாள், பாட்டு வேறு வேகத்தில் ஓட ஆரம்பிக்கும். பிறகு மறுபடி 140க்குப் போவோம் என்று பாட்டுக்குள்ளேயே டெம்போ எண்ணைச் சொல்லிவிட்டு மாறுவார்கள். மேடையில் நான் கீபோர்டுக்காரருக்குக் காட்டும் சைகையை இவர்கள் பாட்டு வரியாகவே பாடிவிட்டார்கள்! நார்வேயைச் சேர்ந்த டிசைன் மியூசிக் குழுவும் கொரியாவின் யூ யங்ஜின்னும் சேர்ந்து செய்த வேலை அது. குழுக்களை நடத்தும் கொரியக் கம்பெனிகள் இப்படி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் எழுதுகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒருவர் தாளம், ஒருவர் மெட்டு, உள்ளூர்க்காரர் வரி என்று பாட்டைச் சேர்ப்பது வழக்கம். ஷைனி குழு 2012இல் இன்னும் ஒரு படி போனது. ஒரே ஆல்பத்தில் உள்ள இரண்டு பாட்டுகளை இணைத்து 'ஷெர்லாக்' என்று மூன்றாவது பாட்டைச் செய்தார்கள். மூன்றையும் வரிசையாகக் கேட்டால் தையல் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பொழுதுபோக்கு வேண்டுகிறவர்களுக்கு நல்ல விளையாட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது பிடிஎஸ் குழு 2018இல் வெளியிட்ட 'ஐடல்'. அடியில் ஓடுவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து 'கோம்' ஆட்ட இசையின் சாயல் உள்ள தாளம். மேலே விழுவது கொரிய நாட்டுப்புறக் கூவல்கள். அங்கே பான்சோரி என்று ஒரு கதைப்பாட்டு மரபு இருக்கிறது. பாடுகிறவர் ஒருவர், மேளக்காரர் ஒருவர், அவ்வளவுதான். மேளக்காரரும் கேட்கிறவர்களும் நடுநடுவே உற்சாகக் குரல் கொடுப்பார்கள், நம் கச்சேரியில் "பலே", "சபாஷ்" போல. அப்படிப்பட்ட கூவல்களைப் பல்லவிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதைவிட என்னை எழுந்து உட்காரவைத்தது, ஜாங்கு மேளத்தின் வாய்ச்சொல்லை அப்படியே பாடுவது. நாம் தகதிமி சொல்கிற மாதிரி அவர்களுக்கும் மேளத்துக்கு வாய்ப்பாடம் உண்டு. "தொங்கிதொக் கூங் தொரொரொ" என்று ஓடும். பெருங்கூட்ட ஆட்டப் பாட்டின் நடுவில் ஒரு சொற்கட்டு! அக்கா மகள் பல தடவை பாடிக் காட்டியும் அது மேளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, காதே சொல்லிவிட்டது.

இதுவரை காது. இப்போது கண்ணைத் திறக்கலாம், ஆனால் மினுமினுப்பு வீடியோவுக்கு உடனே போகாதீர்கள். அந்தக் குழுவின் நடனப் பயிற்சி வீடியோ இருக்கும். கண்ணாடி அறை, அசையாத ஒரே கேமரா, சாதாரண டீஷர்ட். அதில் நீங்கள் காதால் கண்டுபிடித்த வெற்றிடத்தில் உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். பாட்டு நிற்கும் இடத்தில் அத்தனை பேரும் உறைந்து நிற்பார்கள், அல்லது எல்லாரும் தரையோடு போவார்கள். யார் பாடும் முறையோ அவர் சரியாக அந்தத் தட்டில் நடுவுக்கு வந்திருப்பார். முந்தின வரியிலேயே நடக்க ஆரம்பித்திருப்பார், நமக்குத்தான் தெரிந்திருக்காது. குரல் ஏன் இரண்டு வரிக்கு ஒரு முறை மாறுகிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கும். ஓடி ஆடிக்கொண்டே ஒரே ஆள் பாடி முடிக்க முடியாது.

அப்புறம் வாராவாரம் ஒரு பாட்டை வென்றதாக அறிவிக்கும் கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். வியாழன் எம் கவுன்ட்டவுன், வெள்ளி மியூசிக் பேங்க், சனி மியூசிக் கோர், ஞாயிறு இன்கிகாயோ. வென்ற குழு கடைசியில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டை இன்னொரு முறை பாடும். ஆட்டம் கட்டாயமில்லை, சிரிப்பும் அழுகையுமாக இருக்கும். அசல் குரல் எப்படி என்று பார்க்க அதைப் போடுங்கள். சிலர் பிரமாதமாகப் பாடுவார்கள், சிலர் மைக்கைத் தோழியிடம் நீட்டிவிடுவார்கள். டிராக் போட்டு, அதாவது பதிவு செய்த பாட்டை ஓடவிட்டு, பிழைக்கிற மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை.

கூட்டம் கத்துவதும் பாட்டின் ஒரு பகுதி. எந்த வரியில் எதைக் கத்தவேண்டும் என்று கம்பெனியே பட்டியல் வெளியிடும். பிடிஎஸ் பாட்டின் முகப்பில் ரசிகர்கள் ஏழு பேரின் முழுப் பெயரையும் வரிசையாகச் சொல்வார்கள். கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யூன்கி, ஜங் ஹோசொக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யங், ஜொன் ஜங்குக். கொரியப் பெயர் பெரும்பாலும் மூன்று அசை. மூன்று அசை, ஒரு இடைவெளி. "தகிட" என்று சொல்லி ஒரு மாத்திரை விட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒவ்வொரு பெயரும் நாலுக்குள் அடங்கிவிடும். மேசையில் தட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிடும்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் பாட்டுகளில் பல இரண்டரை நிமிடத்தைச் சுற்றியே முடிந்துவிடுகின்றன. இரண்டாவது பல்லவிக்குப் பிறகு பாட்டு கொஞ்சம் அமைதியாகி வேறு பக்கம் திரும்பும் பிரிட்ஜ் என்ற துண்டைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அது போனால் கடைசிப் பல்லவிக்கு ஏறுவதற்குப் படியே இல்லை. 'டைனமைட்' கடைசியில் சுருதி ஏறும்போது உடம்பு சிலிர்ப்பது முன்னால் அந்த இறக்கம் இருப்பதால்தான். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே உச்சத்தில் வைத்துக் கலந்த பாட்டுகளும் வருகின்றன. அவற்றை நான் பாதியிலேயே மாற்றிவிடுவேன், அக்கா மகள் கோபித்துக்கொள்வாள்.

காலேஜ் விழாவிலோ தெரு மேடையிலோ இதை வாசிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தை. பேடில் கிக், கிளாப், ஒரு கூட்டக் கத்தல், மேலேறும் காற்றுச் சத்தம், இந்த நாலும் கைக்கு எட்டும் கட்டங்களில் இருக்கட்டும். டெம்போவைக் காதில் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) வைத்துப் பிடியுங்கள், உற்சாகத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஆடுகிற பிள்ளைகள் குறித்த வேகத்தில் பழகியிருப்பார்கள், இரண்டு எண் கூடினாலும் கால் பின்னும். பல்லவிக்கு முன் வரும் அந்த வெற்றிடத்தில் கை அரிக்கும், ஒரு ரோல் போட்டு நிரப்பத் தோன்றும். போடக்கூடாது. கீபோர்டுக்காரரிடமும் ஒத்திகையிலேயே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அவர் அந்த இடத்தில் ஸ்ட்ரிங்ஸை, அதாவது கீபோர்டின் வயலின் சத்தத்தை, பிடித்துக்கொண்டு நிற்பார்.